செவித்திறன் குறைந்த பின் வீட்டு ஒலிக்கருவிகளை விற்பதா, வைத்துக்கொள்வதா?

காது முன்புபோல் கேட்கவில்லை என்று உறுதியான சில வாரங்களிலேயே ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபயரையும் விற்றுவிடலாம் என்ற எண்ணம் பலருக்கும் வந்துவிடுகிறது. பல ஆண்டுகளாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த கருவிகள் கூடத்தில் நின்று இழப்பை நினைவூட்டிக்கொண்டே இருக்கும்போது, அவை கண்ணில் படாமல் போனால் போதும் என்று தோன்றுவது இயல்பே. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இடது காதில் எஞ்சியிருப்பது என்ன என்று தெரியாமலே அந்த முடிவை எடுக்கவிருந்தேன் என்பது பின்னர்தான் புரிந்தது.

முதலில் காரணம் தெரிய வேண்டும். ஒரே நாளில், அல்லது இரண்டு மூன்று நாட்களுக்குள், திடீரென்று கேட்காமல் போயிருந்தால் அது அவசர நிலை. உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்ல வேண்டும், ஏனெனில் அதற்கான சிகிச்சை முதல் சில நாட்களில் தொடங்கப்பட்டால்தான் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். காதுக்குரும்பி அடைப்போ நடுக்காதில் நீர் தேங்கியதோ காரணமாக இருந்தால், கேட்கும் திறன் பெரும்பாலும் திரும்பிவிடும். இவை தெளிவாகும் வரை எதையும் விற்க வேண்டாம்.

அடுத்து ஆடியோகிராமை, அதாவது எந்த அலைவரிசையில் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் செவிப் பரிசோதனை வரைபடத்தை, எடுத்துவைத்துக்கொண்டு, இசையை மனத்தில் கொண்டு அதைப் படிக்க வேண்டும். வழக்கமான பரிசோதனை 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை அளக்கிறது. பியானோவின் மிக உயர்ந்த கட்டையே ஏறக்குறைய 4186 ஹெர்ட்ஸ்தான். ஆகவே வயதினால் வரும் குறைபாட்டைப் போல 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் மட்டும் கோடு இறங்கியிருந்தால், ராகமும் குரலும் தாளமும் பெருமளவு எஞ்சியிருக்கின்றன. தம்புராவின் மினுமினுப்பும் ஜால்ராவின் கூர்மையும்தான் மங்கியிருக்கும். 1000 ஹெர்ட்ஸிலேயே கோடு ஆழமாக இறங்கியிருந்தாலோ, ஒரே சுரம் இரு காதுகளிலும் வெவ்வேறு சுருதியில் கேட்டாலோ நிலைமை வேறு. வெவ்வேறு அலைவரிசைகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் எதுவும் அந்தத் திரிபை நேராக்காது.

காது கேட்கும் கருவி பொருத்தியவர்கள், அதன் வழியாக முதல் வாரம் கேட்ட இசையை வைத்துத் தீர்ப்பு சொல்லிவிடக் கூடாது. அக்கருவிகள் அடிப்படையில் பேச்சுக்காகச் சீரமைக்கப்பட்டவை. நீண்டு ஒலிக்கும் புல்லாங்குழல் சுரத்தைக் கருவியின் சொந்த விசில் என்று தவறாக எடுத்துக்கொண்டு அடக்கப் பார்க்கும். மெல்லிய ஒலியையும் வலிய ஒலியையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து பாட்டின் ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்கிவிடும். இசைக்கென்று தனி அமைப்பைச் சேர்த்துத் தருமாறு ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணரிடம்) கேளுங்கள். உங்களுக்கு நன்கு பழகிய பதிவு ஒன்றைக் கையோடு கொண்டுசென்று அங்கேயே கேட்டுப் பார்ப்பது நல்லது. புதிய ஒலிக்கு மூளை பழகச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும்.

பிறகு வீட்டில் சோதனை. என் இடது காதுதான் பாதிக்கப்பட்டது. பழைய கச்சேரிப் பதிவு ஒன்றில் இடது ஸ்பீக்கரில் வரும் வயலின் பெரிதும் மங்கிப்போய், பாடகர் கிட்டத்தட்டத் தனியாகப் பாடுவதுபோல் இருந்தது. ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்தியதும் இரு பக்க ஒலியும் ஒன்றாகக் கலந்து, வயலின் பாடகரின் குரலுக்குப் பின்னாலேயே வந்து நின்றது. ஸ்டீரியோவின் அகலம் போய்விட்டது உண்மை, ஆனாலும் பாட்டு முழுமையாக இருந்தது. அந்த ஒரு பொத்தானைத் தொடாமலே விற்றிருப்பேன் என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. நாற்காலியை ஸ்பீக்கருக்கு அருகில் நகர்த்துவதும், ஈக்வலைசரில் மேல் அலைவரிசையைச் சிறிது சிறிதாக உயர்த்துவதும் இதைப் போலவே முயன்று பார்க்க வேண்டியவை.

ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போவது மட்டும் தீர்வாகாது. உட்காது பாதிக்கப்பட்ட பலருக்கு மெல்லிய ஒலி கேட்காது, சற்றே கூட்டினால் திடீரென்று தாங்க முடியாததாகிவிடும். உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபலுக்கு வாரம் 40 மணி நேரத்தை வரம்பாகச் சொல்கிறது. 90 டெசிபலில் அது 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும்.

இப்படிச் சீர்செய்து மூன்று மாதங்கள் கேட்ட பின், ஒலி பழையபடி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வதில் பயனில்லை, இருக்காது. தானாகப் போய் உட்கார்ந்து ஒரு பாட்டைக் கடைசி வரை கேட்கிறீர்களா என்பதே என் அளவுகோல். ஒவ்வொரு முறையும் எரிச்சலோடு எழுந்தால், காதிரைச்சல் கூடினால், கருவி வீட்டில் வேறு எவருக்கும் பயன்படாமல் இருந்தால், தயங்காமல் விற்றுவிடலாம். எல்லாவற்றையும் ஒன்றாக விற்க வேண்டும் என்பதும் இல்லை. மிக உயர்ந்த அலைவரிசையின் நுணுக்கத்துக்காகவே வாங்கிய ஸ்பீக்கரைக் கொடுத்துவிட்டு, மோனோ வசதியும் ஒலிச்சீரமைப்பும் உள்ள ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொள்ளலாம்.

விற்க முடிவெடுத்தால், நன்கு காது கேட்கும் ஒருவரை அழைத்து முதலில் முழுமையாகக் கேட்கச் சொல்லுங்கள். உயர்ந்த அலைவரிசைகளை ஒலிக்கும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர் எரிந்துபோயிருந்தாலும் ஆம்ப்ளிஃபயரில் மெல்லிய இரைச்சல் இருந்தாலும் உங்களுக்குத் தெரியாமல் போகக்கூடும். வாங்குபவரிடம் நல்ல நிலையில் இருக்கிறது என்று சொல்லும் வாக்கு உண்மையாக இருக்க வேண்டும். ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் விளிம்பை மட்டும் நீங்களே விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். உதிர்ந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.