சேனை முதல் தொப்புள் வரை: பிறந்த குழந்தைக்குச் செய்யக்கூடாதவை

பிரசவ அறை வாசலில் வீட்டுப் பெரியவர் தேனோடு காத்திருப்பதை இன்றும் பார்க்கலாம். பிறந்ததும் குழந்தையின் நாவில் தேன் போன்ற இனிப்பைத் தடவும் சடங்குதான் சேனை. அதை வைப்பவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. குணம் அப்படி வருவதில்லை. தேனில் க்ளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்களின் குடலில் அவை பொதுவாக முளைப்பதில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். முதலில் மலச்சிக்கல். பிறகு அழுகுரல் மெலியும், இமை சரியும், பால் உறிஞ்ச வலுவிருக்காது, கை கால் துவளும். முற்றினால் மூச்சே திணறும். மலைத்தேன் என்றாலும், கொதிக்க வைத்த தேன் என்றாலும் இதுதான் கதி. வீட்டு அடுப்பின் கொதியில் இந்த வித்துகள் சாவதில்லை.

சர்க்கரைத் தண்ணீரும், தெருவில் கறந்து சங்கில் ஊற்றித் தரும் கழுதைப் பாலும் வேண்டாம். காய்ச்சாத பாலில் வரும் கிருமியைத் தாங்கும் வலு பச்சைப் பிள்ளைக்குக் கிடையாது. மஞ்சள் காமாலையும் அதனால் தீராது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

சடங்கை விட மனமில்லையா? கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, பாலாடை எனும் சுத்தமான புகட்டும் கிண்ணத்தில் பிழிந்த தாயின் சீம்பாலை (பிரசவமானதும் முதலில் சுரக்கும் பால்) அந்தப் பெரியவர் கையாலேயே புகட்டச் சொல்லலாம். பாட்டி மனமும் நோகாது.

சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதுதான் இருப்பதிலேயே பெரிய இழப்பு. மஞ்சளாக, கெட்டியாக இருப்பதால் அதைக் கெட்ட பால் என்று நினைத்துவிடுகிறார்கள். நோய் எதிர்ப்புப் புரதங்கள் மிகுந்த பால் அது. முதல் நாளில் ஒரு தடவைக்குச் சில மில்லிலிட்டர்தான் சுரக்கும்; குழந்தையின் வயிற்றுக்கு அதுவே போதும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடுங்கள்.

சித்திரை வெயிலிலும் 6 மாதம் வரை தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 சதவீதம் தண்ணீர்தான். ஐந்தாறு நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு 6 தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம்.

எண்ணெய் தேய்ப்பது நல்ல பழக்கம், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். குளிப்பாட்டும்போது வாயில் விரல் விட்டுச் சளி எடுப்பதும், மூக்கில் ஊதுவதும் கூடாது.

சில குழந்தைகளுக்கு, ஆண் குழந்தைக்கும்கூட, மார்பு வீங்கியிருக்கும். தாயின் ஹார்மோன்தான் காரணம். சில வாரங்களில் தானாக வடியும். ‘பால் எடுக்கிறேன்’ என்று பிழிந்தால் சீழ் கட்டி, கீறி எடுக்க வேண்டியதாகிவிடும்.

கண்ணுக்கு மை வேண்டாம். சில மைகளில் ஈயம் இருக்கிறது. திருஷ்டிப் பொட்டை உள்ளங்காலில் வையுங்கள், பிள்ளை கண்ணில் தேய்த்துக்கொள்ளாது.

தொப்புளில் மஞ்சள், சாம்பல், பவுடர், எண்ணெய் எதுவும் போடாதீர்கள். ஈரம் படாமல் காயவிட்டு, துணியை அதற்குக் கீழே மடித்துக் கட்டினால் ஒன்றிரண்டு வாரத்தில் தானே விழுந்துவிடும். சுற்றிலும் சிவந்தாலோ, சீழோ நாற்றமோ வந்தாலோ தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.