பிரித்தானிய மோட்டர்வேயில் புதிதாக வாகனம் ஓட்டுவோருக்கு

இலங்கையிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ பிரித்தானியாவுக்கு வந்து கார் ஓட்டத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் நிம்மதியுடனேயே தொடங்குகிறார்கள். இங்கும் வீதியின் இடப்பக்கத்தில்தான் ஓட்ட வேண்டும். ஸ்டியரிங்கும் வலப்பக்கத்தில்தான் இருக்கிறது. பிரான்சிலோ ஜேர்மனியிலோ சில காலம் இருந்துவிட்டு இங்கு வருகின்ற நம்மவர்கள், பக்கம் மாறிவிடுமோ என்ற பயத்தில் முதல் சில வாரங்களாவது கூர்ந்த கவனத்துடன் ஓட்டுவார்கள். ஊரிலிருந்து நேரே வருபவர்களுக்கு அந்தப் பயம் இல்லாததால் பழைய பழக்கங்கள் அப்படியே மோட்டர்வே எனப்படும் அதிவேக நெடுஞ்சாலைக்கும் வந்துவிடுகின்றன. என் பார்வையில் புதியவர்களின் தவறுகளில் பல அளவுக்கு மீறிய வேகத்தால் வருவன அல்ல. மெதுவாக, நடுத் தடத்தில், முன்னால் போகும் வண்டியை ஒட்டிப் போவதே பாதுகாப்பு என்று நினைப்பதால் வருவன. இங்கே சொல்லப்படும் விதிகள் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்றுக்கும் உரியவை.

முதலில் அனுமதிப்பத்திரம். இங்கே குடியிருக்கத் தொடங்கியதிலிருந்து 12 மாதங்கள் வரை இலங்கை அல்லது இந்தியச் சாரதி அனுமதிப்பத்திரத்துடன் கார் ஓட்டலாம். மோட்டர்வேயும் அதில் அடங்கும். இந்த இரு நாடுகளின் அனுமதிப்பத்திரங்களையும் இங்குள்ளதாக மாற்றித் தருவதில்லை என்பதால், அந்தக் காலம் முடிவதற்குள் புரொவிஷனல் எனப்படும் பழகுநர் அனுமதிப்பத்திரம் எடுத்து, தியரி பரீட்சையிலும் ஓட்டப் பரீட்சையிலும் தேறிவிடுவது நல்லது. தேறாமல் 12 மாதங்கள் கடந்துவிட்டால், ஊரில் இருபது வருடம் பஸ் ஓட்டியவரும் சட்டத்தின் முன் பழகுநர்தான். பழகுநர்கள் மோட்டர்வேயில் ஓட 2018 ஜூன் 4 முதல் அனுமதி உண்டு. ஆனால் அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க வேண்டும், காரும் இருவருக்கும் பிரேக் உள்ள காராக இருக்க வேண்டும். நகர வீதிகளில் நண்பரையோ மாமாவையோ பக்கத்தில் இருத்திப் பழகுவது போல மோட்டர்வேயில் பழக முடியாது. இதை அறியாமல் ஏறிவிட்டு விபத்தில் சிக்கினால், காப்புறுதி நிறுவனத்துடனும் வழக்காட வேண்டி வரும்.

மோட்டர்வேக்குள் நுழையும் ஸ்லிப் ரோட்டில்தான் பலருக்குக் கால் நடுங்குகிறது. உள்ளே ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கே முன்னுரிமை. அவர்கள் வழிவிட்டே ஆக வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதற்காக ஸ்லிப் ரோட்டின் முடிவில் போய் நின்றுவிடுவது அதைவிட ஆபத்தானது, ஏனெனில் நின்ற நிலையிலிருந்து புறப்படும் கார் 56 மைல் வேகத்தில் வரும் லொறிக்கு முன்னால் நகர்வதற்குப் போதிய இடைவெளி அநேகமாகக் கிடைக்காது. ஸ்லிப் ரோட் நீளமாக இருப்பதே வேகத்தைக் கூட்டிக்கொள்வதற்காகத்தான். தொடக்கத்திலிருந்தே வலப்புறக் கண்ணாடியில் ஓட்டத்தைக் கவனித்து, அதற்கு இணையான வேகத்தை எட்டி, சமிக்ஞை போட்டு, தலையைத் திருப்பி ஒருமுறை பார்த்துவிட்டு, கிடைக்கும் இடைவெளியில் சேர வேண்டும். வெளியேறுவது இதைவிட எளிது: ஒரு மைலுக்கு முன்னரும் அரை மைலுக்கு முன்னரும் பலகை வரும், பிறகு 300, 200, 100 யார் தூரங்களில் மூன்று, இரண்டு, ஒன்று எனக் கோடிட்ட சிறு பலகைகள் வரும். ஜங்ஷனைத் தவறவிட்டால் அடுத்த ஜங்ஷன் வரை போக வேண்டியதுதான். பின்னால் எடுப்பதையோ, கோடு போட்ட முக்கோணத்தின் குறுக்கே கடைசி நொடியில் வெட்டுவதையோ நினைத்தும் பார்க்கக் கூடாது.

இனித் தடங்கள். தமிழ்நாட்டின் நான்குவழிச் சாலைகளில் சுமையேற்றிய லாரிகள் நடுத்திட்டை ஒட்டிய வலத் தடத்தில் நிதானமாகப் போவதும், கார்கள் இடப்பக்கத்தால் புகுந்து முந்துவதும் அன்றாடக் காட்சி. அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்குள்ள ஒழுங்கு தலைகீழாகத் தெரியும். மூன்று தடங்கள் இருந்தால் இடது ஓரத் தடமே எல்லோருக்கும் உரிய தடம். மற்ற இரண்டும் முந்துவதற்கு மட்டுமே உரியவை. முந்தி முடிந்ததும், முந்தப்பட்ட வண்டி உங்கள் நடுக் கண்ணாடியில் முழுதாகத் தெரியும் அளவுக்கு விலகிய பின், மீண்டும் இடப்பக்கம் வந்துவிட வேண்டும். சற்றுத் தூரத்தில் இன்னொரு லொறி இருக்கிறதே என்று நடுத் தடத்திலேயே தங்கிவிடுவது பலருடைய வழக்கம். இந்த நாட்டிலேயே பிறந்தவர்கள் பலரும் இதைச் செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் செய்கிறார்கள் என்பதற்காக அது சரியாகிவிடாது. நடுத் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவோருக்கு 100 பவுண் தண்டமும் அனுமதிப்பத்திரத்தில் மூன்று தண்டப் புள்ளிகளும் அந்த இடத்திலேயே விதிக்கும் அதிகாரம் 2013 ஓகஸ்ட் முதல் பொலிசாருக்கு உண்டு.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை அல்ல. பெரிய லொறிகளில் பூட்டப்பட்டிருக்கும் வேகக்கட்டுப்பாட்டுக் கருவி அவற்றை மணிக்கு 56 மைலுக்கு மேல் போகவிடாது; மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடங்கள் உள்ள இடங்களில் வலது ஓரத் தடத்துக்குள் நுழையவும் அவற்றுக்கு அனுமதி இல்லை. பயந்த சாரதி ஒருவர் 54 மைல் வேகத்தில் நடுத் தடத்தில் போனால், அவருக்குப் பின்னால் வரும் லொறிக்கு முந்த வழியே இல்லை. லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர, கார்கள் எல்லாம் ஒரே சமயத்தில் மூன்றாம் தடத்துக்குத் தாவ, வெறுமனே கிடக்கும் இடத் தடத்தால் ஒருவர் பொறுமையிழந்து முந்த முயல்கிறார். இடப்பக்கத்தால் முந்துவது கூடாது என்பது விதி. நெரிசலில் எல்லாத் தடங்களும் வரிசையாக ஊர்ந்து போகும்போது, உங்கள் தடம் சற்று முன்னே போய்விட்டால் அது மட்டும் குற்றமாகாது.

ஹெட்லைட்டை அடிப்பதிலும் கவனம் வேண்டும். ஊரில் எதிரே வருபவர் லைட் அடித்தால் ‘நான் வருகிறேன், நீ நில்’ என்று பொருள் கொள்வோம். இங்கே நீங்கள் தடம் மாறச் சமிக்ஞை போட்டிருக்கும்போது பின்னாலுள்ள லொறிக்காரர் லைட் அடித்தால், பெரும்பாலும் ‘வா, இடம் இருக்கிறது’ என்றே சொல்கிறார். எனினும் வீதி விதிகளின்படி அதற்கு ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது என்பதால், அதை நம்பி மட்டும் நகராமல் கண்ணாடியைப் பார்த்தே நகருங்கள். ஹோன் மிக அரிதாகவே கேட்கும். காரணமில்லாமல் அடித்தால் திட்டுவதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

மோட்டர்வேயில் காருக்கான உச்ச வேகம் மணிக்கு 70 மைல், அதாவது ஏறத்தாழ 112 கிலோமீற்றர். 1958இல் முதல் மோட்டர்வே திறக்கப்பட்டபோது வேக எல்லையே இருக்கவில்லை. 1965 டிசம்பரில் தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்ட 70 மைல் எல்லை 1967இல் நிரந்தரமானது. டிரெய்லர் இழுக்கும் காருக்கு எல்லை 60 மைல். கடைக்குச் சரக்கு ஏற்றவும் டெலிவரிக்கும் வான் ஓட்டுபவர்கள் இன்னொன்றைத் தெரிந்திருக்க வேண்டும்: வானுக்கும் மோட்டர்வேயில் 70 மைல்தான் என்றாலும், மோட்டர்வே முடிந்து அதே அகலத்தில் தொடரும், நடுத்திட்டால் பிரிக்கப்பட்ட இரட்டை வழிப் பாதையில் (dual carriageway) அது 60 ஆகக் குறைந்துவிடுகிறது. பாதை மாறியதாகவே தோன்றாது. நீலப் பலகைகள் பச்சையாக மாறியிருக்கும், அவ்வளவுதான்.

எல்லைக்குள் ஓடுவதைவிட முக்கியமானது முன்னால் விடும் இடைவெளி. 70 மைல் வேகத்தில் கார் ஒரு நொடியில் 31 மீற்றர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கைத் தொடுவதற்குள் 21 மீற்றர், பிரேக் பிடித்த பின் நிற்க 75 மீற்றர், ஆக 96 மீற்றர் தேவை என்பது வீதி விதி நூல் தரும் கணக்கு. முன்னால் போகும் கார் ஒரு பாலத்தையோ பலகையையோ கடக்கும் கணத்திலிருந்து குறைந்தது இரண்டு நொடி கழித்தே நீங்கள் அதைக் கடக்க வேண்டும். மழை பெய்தால் நான்கு நொடி. பனி உறைந்த நாளில் பத்து மடங்கு வேண்டும் என்பதால், அன்று பயணமே தேவையா என்று யோசிப்பது மேல். இடைவெளி விட்டால் யாராவது உள்ளே புகுந்துவிடுகிறார்களே என்று அலுத்துக்கொள்வோர் உண்டு. புகுந்துவிட்டுப் போகட்டும், அக்சிலரேட்டரிலிருந்து காலைச் சற்று எடுத்தால் அந்த இடைவெளி மீண்டும் வந்துவிடும்.

பல மோட்டர்வேகளில் தடங்களுக்கு மேலே மின்பலகைகள் உள்ளன. சிவப்பு வட்டத்துக்குள் எண் காட்டினால் அதுவே அந்நேரத்துக்குரிய சட்டபூர்வமான எல்லை; வீதி வெறுமையாகத் தெரிந்தாலும் அதை மீறக் கூடாது. சிவப்புப் பெருக்கல் குறி காட்டினால் அந்தத் தடம் மூடப்பட்டுவிட்டது. அங்கே பழுதாகி நிற்கும் காரோ, தரையில் மண்டியிட்டு வேலை செய்யும் பணியாளரோ இருக்கலாம். அந்தக் குறியின் கீழ் ஓடினால் கமரா பிடிக்கும்; 100 பவுணும் மூன்று புள்ளிகளும் வரும். வீதி வேலை நடக்கும் இடங்களில் வைக்கப்பட்டிருக்கும் மஞ்சள் கமராக்கள் இரு இடங்களுக்கிடையிலான சராசரி வேகத்தை அளப்பவை. கமராவைக் கண்டதும் பிரேக் பிடித்துவிட்டுப் பின்னர் விரைவது அங்கே பயன்படாது.

வாகனம் பழுதானால் என்ன செய்வது என்பதைப் பயணத்துக்கு முன்பே குடும்பத்தாருக்கும் சொல்லி வைப்பது அவசியம், ஏனெனில் அந்த நேரத்தில் பதற்றம் எல்லோரையும் பிடித்துக்கொள்ளும். கார் ஓடும் நிலையில் இருந்தால் அடுத்த ஜங்ஷனில் வெளியேறுங்கள், அல்லது சாப்பிடவும் ஓய்வெடுக்கவும் உள்ள சேர்விஸ் நிலையத்தை அடையுங்கள். முடியாவிட்டால் தடங்களுக்கு வெளியே அவசரத்துக்கென விடப்பட்டிருக்கும் இடப்பக்க ஓரப் பட்டையான ஹார்ட் ஷோல்டரில் நிறுத்துங்கள். ஹார்ட் ஷோல்டரே இல்லாத மோட்டர்வேகளும் உண்டு. புதிதாக அத்தகையவற்றைக் கட்டுவதை அரசு 2023 ஏப்ரலில் கைவிட்டாலும் இருப்பவை பயன்பாட்டில்தான் உள்ளன. அங்கே செம்மஞ்சள் நிறத் தரையுடைய அவசரத் தரிப்பிடங்கள் இடையிடையே இருக்கும். நிறுத்தியதும் நான்கு சமிக்ஞை விளக்குகளையும் போட்டுவிட்டு, அனைவரும் இடப்பக்கக் கதவால் இறங்கி, இரும்புத் தடுப்புக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். குளிர், மழை, குழந்தை அழுகிறது என்று காருக்குள் இருந்துவிடக் கூடாது. எச்சரிக்கை முக்கோணத்தை மோட்டர்வேயில் வைக்கப் போகக் கூடாது. மற்ற வீதிகளில் சரியான அந்தச் செயல் இங்கே உயிரைப் பறிக்கலாம். செம்மஞ்சள் நிற அவசரத் தொலைபேசியில் பேசினால் நீங்கள் நிற்கும் இடம் மறுமுனையில் இருப்பவர்களுக்கே தெரிந்துவிடும். கைத்தொலைபேசியில் பேசுவதானால், ஓரத்தில் 100 மீற்றருக்கு ஒன்றாக நடப்பட்டிருக்கும் சிறு கம்பத்தின் எண்ணைச் சொல்லுங்கள். ஓடும் தடத்திலேயே கார் நின்றுபோய், பாதுகாப்பாக இறங்க வழியில்லை என்றால், ஆசனப்பட்டியைக் கழற்றாமல் விளக்குகளைப் போட்டபடி 999ஐ அழையுங்கள். தொலைபேசி அழைப்புக்கோ, சாரதி மாறவோ, சிறுவர்களுக்கு உணவு கொடுக்கவோ ஹார்ட் ஷோல்டரில் நிறுத்துவது குற்றம். அதற்கெல்லாம் சேர்விஸ் நிலையம் இருக்கிறது. அங்கே இலவசத் தரிப்பு பொதுவாக இரண்டு மணித்தியாலம்தான்.

களைப்பைப் பற்றி நம்மவர்களுக்குத் தனியாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இரவு முழுதும் பெற்றோல் நிலையத்திலோ களஞ்சியத்திலோ வேலை பார்த்துவிட்டு, காலையில் வேறு நகரத்தில் நடக்கும் திருமணத்துக்குக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு புறப்படுபவர்கள் இருக்கிறார்கள். லண்டனிலிருந்து வேல்ஸிலுள்ள ஸ்கந்தவேல் கோயிலுக்கு எம்4 மோட்டர்வே வழியாகப் போக மட்டும் நான்கு மணித்தியாலம் அளவில் பிடிக்கும். அதே நாளில் திரும்புவதென்றால் இரண்டு சாரதிகள் இருப்பது நல்லது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை குறைந்தது 15 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும் என்கின்றன வீதி விதிகள். கண்ணாடியை இறக்குவதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் தூக்கத்தை விரட்டாது.

தண்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வேக எல்லையை மீறினால் குறைந்தது 100 பவுணும் மூன்று புள்ளிகளும். சிறிய மீறலாக இருந்து, கடந்த மூன்று வருடங்களில் வேக விழிப்புணர்வு வகுப்புக்குப் போயிராவிட்டால், புள்ளிகளுக்குப் பதிலாக அந்த வகுப்புக்குப் போகும் வாய்ப்புக் கிடைக்கலாம். கையில் தொலைபேசி பிடித்தால் 200 பவுணும் ஆறு புள்ளிகளும். இங்கே முதல் ஓட்டப் பரீட்சையில் தேறி இரண்டு வருடத்துக்குள் ஆறு புள்ளிகள் சேர்ந்தால் அனுமதிப்பத்திரமே ரத்தாகும். ஊரில் எத்தனை வருடம் ஓட்டியிருந்தாலும் இது பொருந்தும்.

கமராவில் பிடிபட்டால், காரின் பதிவில் உள்ள முகவரிக்குக் கடிதம் வரும். ஓட்டியவர் யார் என்பதை 28 நாட்களுக்குள் எழுதி அனுப்ப வேண்டும்; அனுப்பாவிட்டால் அதற்கே ஆறு புள்ளிகள். கணவனின் புள்ளிகளை மனைவி ஏற்றுக்கொள்வது வீட்டுக்குள் முடிகிற உதவியாகத் தோன்றலாம். 2003இல் எம்11இல் வேகமாக ஓட்டிய கிறிஸ் ஹியூன் என்ற அரசியல்வாதி, அந்தப் புள்ளிகளைத் தம் மனைவியின் பெயரில் போடச் செய்தார். பின்னாளில் அமைச்சராகவும் ஆனார். உண்மை வெளிவந்து 2013இல் இருவருக்கும் தலா எட்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. புதிதாக வந்தவர்கள் அடிக்கடி வீடு மாறுவதால், இத்தகைய கடிதம் பழைய முகவரிக்குப் போய் அங்கேயே கிடந்துவிடுவதும் நடக்கிறது. அனுமதிப்பத்திரத்தில் உள்ள முகவரியையும் காரின் பதிவில் உள்ள முகவரியையும் தனித்தனியே மாற்ற வேண்டும். இரண்டையும் இணையத்தில் கட்டணமின்றியே செய்துவிடலாம்.