ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேகன் வழிபாடு: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 74,000 பேர் தங்கள் மதம் ‘பேகன்’ என்று எழுதினார்கள். கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பியத் தெய்வங்களையும் இயற்கையையும் வழிபடும் இன்றைய மரபுகளுக்குப் பொதுப்பெயர் அது. அதில் ஒரு கிளையான ‘விக்கா’ என்று எழுதியவர்கள் இன்னொரு 13,000 பேர். ஆகவே அங்கே ஒரு வார்டில் பேகன் நோயாளி படுத்திருப்பது அதிசயமொன்றுமில்லை. ஆனாலும் புதிதாக இந்த வழிக்கு வந்தவர்கள் அட்மிட் ஆனதும் குழம்பிப்போகிறார்கள். மெழுகுவர்த்தி ஏற்ற முடியாது, தூபம் போட முடியாது, சடங்குக் கத்தியை வெளியே எடுக்கவே முடியாது. அப்புறம் என்னத்தை வழிபடுவது?

தாராளமாக வழிபடலாம். நெருப்பு, புகை, கூர்மையான பொருள், மண் இந்த நான்கோடுதான் ஆஸ்பத்திரிக்குப் பகை. உங்கள் தெய்வங்களோடு அதற்கு எந்தச் சண்டையும் கிடையாது.

1. முதலில் சொல்லி வையுங்கள்

அட்மிஷனில் மதம் கேட்பார்கள். சொல்லியே ஆகவேண்டும் என்றில்லை. சொல்வதானால் ‘பேகன்’ என்றே சொல்லுங்கள். ‘மற்றவை’ என்று டிக் அடித்தால், பக்கத்தில் பேகன் என்று எழுதச் சொல்லுங்கள். பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம் மத நம்பிக்கைக்குப் பாதுகாப்பு தருகிறது, கூச்சப்பட வேண்டாம்.

என்.ஹெச்.எஸ். என்கிற அங்குள்ள அரசு மருத்துவச் சேவையின் மருத்துவமனைகளில் ‘சாப்ளன்சி’ என்று நோயாளிகளின் ஆன்மிகத் தேவையைக் கவனிக்கும் ஒரு பிரிவு இருக்கும். அது சர்ச்சுக்காரர்கள் இடம் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். எந்த மதத்தவருக்கும், மதமே இல்லாதவருக்கும் துணைநிற்பது அவர்கள் வேலை. 1971-இல் தொடங்கிய பேகன் ஃபெடரேஷன் என்ற பேகன்களின் அமைப்புக்கு ஆஸ்பத்திரி வந்து பார்க்கும் தொண்டர்கள் உண்டு. சாப்ளன்சி வழியாகவே கேட்டுப் பாருங்கள்.

2. பையில் என்ன வைப்பது

பேட்டரியில் எரியும் மெழுகுவர்த்தி ஒன்று. வழவழப்பான கூழாங்கல் ஒன்று. பிளாஸ்டிக் உறை போட்ட தெய்வப் படம் ஒன்று. எதுவானாலும் ஈரத் துணியால் துடைக்கக்கூடியதாக இருக்கட்டும். சொரசொரப்பான மரக்கட்டை, இறகு, காய்ந்த பூவெல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

உண்மையான சுடர் மட்டும் வேண்டவே வேண்டாம். பக்கத்துக் கட்டிலில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும். ஆக்சிஜன் அதிகமான காற்றில் ஒரு பொறி பட்டாலும் துணி குபீரெனப் பற்றிக்கொள்ளும். தொட்டிச் செடியின் மண்ணில் பூஞ்சை இருக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அது ஆபத்து. வாசனை எண்ணெயும் வேண்டாம், எதிர்க் கட்டில்காரருக்கு ஆஸ்துமா இருக்கலாம்.

மூலிகை விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறார். கோடைச் சங்கராந்தி (ஆண்டின் மிக நீண்ட பகல்) மூலிகையென்று பலர் கொண்டாடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். உறுப்பு மாற்றியவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரினையும் அப்படியே. பண்டைக் கெல்ட் இனப் பூசாரிகளின் வழியைப் பின்பற்றும் துரூயிட்கள் போற்றும் மிசில்டோ செடியைச் சாப்பிட்டால் விஷம். வீட்டில் என்ன கஷாயம் குடித்தீர்கள் என்பதை வார்டு மருந்தாளரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

3. கட்டிலிலேயே ஒரு சிறு வழிபாடு

விக்கா முறையை ஒட்டிச் சொல்கிறேன். நேரம் முக்கியம்: மருந்து வண்டி வந்து போனபின், விளக்கு அணைப்பதற்கு முன். திரையை இழுக்கச் சொல்லுங்கள். “பத்து நிமிஷம் பிரார்த்தனை பண்ணிக்கொள்கிறேன்” என்று நர்ஸிடம் சொன்னால் போதும்.

கட்டிலின் குறுக்கே வரும் சக்கர மேசைதான் பீடம். ஃபோனில் திசைகாட்டி பாருங்கள். கிழக்கு காற்று, தெற்கு நெருப்பு, மேற்கு நீர், வடக்கு நிலம். வடக்கில் கல், தெற்கில் பேட்டரி விளக்கு, மேற்கில் தண்ணீர் டம்ளர். கிழக்கில் எதுவும் வேண்டாம், உங்கள் மூச்சே காற்று. மேசை திரும்பவில்லையா, தலைமாட்டையே வடக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கத்திக்குப் பதில் ஆள்காட்டி விரல். அதை நீட்டி, கடிகார முள் சுற்றும் திசையில், கட்டிலைச் சுற்றி ஒரு வட்டம் மனதில் வரையுங்கள். கையில் சலைன் ஏறுகிறதென்றால் கையை அசைக்காமல் கண்ணாலேயே வரைந்தாலும் வட்டம்தான். திசைக்கொன்றாக நாலு மூச்சு. பிறகு உங்கள் தெய்வத்தை அழையுங்கள். அயர்லாந்து மரபில் குணமாக்கும் பிரிஜிட், நார்ஸ் (பழைய ஸ்காண்டினேவிய) மரபில் மருத்துவத்துக்கு ஏர். நடுவில் ரத்த அழுத்தம் பார்க்க யாராவது வந்தால் பதற வேண்டாம். வட்டத்தில் கதவு வெட்டித் திறப்பது விக்காவில் வழக்கம்தான். விரலால் திறந்து, அவர்கள் போனதும் மூடிவிடுங்கள்.

சாப்பாட்டுத் தட்டில் வரும் உப்புப் பொட்டலத்தில் ஒரு சிட்டிகை போதும். தண்ணீரில் கரைத்து நெற்றியில் தொட்டுக்கொள்ளுங்கள். குடிக்க வேண்டாம், காயத்திலும் ஊசி குத்திய இடத்திலும் படக்கூடாது. கடைசியில் ரொட்டியும் பானமும் படைத்துச் சாப்பிடுவது வழக்கம். ஆப்பரேஷனுக்காக வெறும் வயிற்றில் இருந்தால் படைத்துவிட்டு, சாப்பிடாமல் நன்றி மட்டும் சொல்லுங்கள்.

வட்டத்தை எதிர்த்திசையில் கலையுங்கள். படைத்ததைக் கை கழுவும் தொட்டியில் கொட்டாதீர்கள், கிருமிக் கட்டுப்பாட்டில் அது பெரிய தப்பு. பார்க்க வருபவரிடம் மூடிபோட்ட டப்பாவில் கொடுத்தால் வெளியே ஒரு மரத்தடியில் ஊற்றிவிடுவார்.

4. ஆப்பரேஷன், ஸ்கேன்

பென்டகிள் (வட்டத்துக்குள் ஐந்துமுனை நட்சத்திரம்) சங்கிலியைக் கழற்றத்தான் வேண்டும். எம்.ஆர்.ஐ. காந்தம் சில உலோகங்களை இழுக்கும், அறுவையில் மின்கருவியால் தோல் சுடலாம். உறையில் போட்டுப் பெயர் எழுதி வாங்கி வையுங்கள். கைகட்டுத் திருமண (மணமக்கள் கைகளைச் சேர்த்துக் கட்டும் பேகன் திருமணம்) மோதிரத்துக்கு, மற்றத் திருமண மோதிரங்களுக்குப் போலவே டேப் சுற்ற முடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

5. பேச முடியாமல் போனால்

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு அட்டையில் உங்கள் வழி என்ன, யாரைக் கூப்பிட வேண்டும், யார் வந்து ஜெபிக்கக் கூடாது, இறந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நாலு வரி எழுதுங்கள். கிறிஸ்தவக் குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்கு இது இன்னும் அவசியம். வீட்டார் பாதிரியாரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு பிரதியைக் கேஸ் ஃபைலில் வைக்கச் சொல்லுங்கள், இன்னொன்றை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.