ஸ்காட்ச் பீப்பாய் வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்ச் விஸ்கி ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்திலேயே குறைந்தது 3 வருடம் இருக்க வேண்டும் என்பதைப் புதிதாக வருகிறவர்களும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். பணம் போவது வேறு இடத்தில்.

வயதைப் பார்த்து விலை பேசுவது

சொல்லிச் சொல்லி அலுத்த தவறு இது. '20 வருட ஹாக்ஸ்ஹெட்' என்றதும் மயங்கிவிடுகிறார்கள். ஹாக்ஸ்ஹெட் என்ற பீப்பாய் வகை கொள்வது சுமார் 250 லிட்டர். வழக்கமான 63.5 சதவீத ஆல்கஹால் செறிவில் நிரப்பினால் உள்ளே இருக்கும் சுத்த ஆல்கஹால் 159 லிட்டர். வருடத்துக்கு ஏறத்தாழ 2 சதவீதம் ஆவியாகிறது. 20 வருடத்தில் மிஞ்சுவது 106 லிட்டர். அதை 46 சதவீதமாக்கி 700 மி.லி. பாட்டில்களில் அடைத்தால் சுமார் 329 தேறும். நிரப்பிய நாள் அளவை நம்பியவர் 493 பாட்டிலுக்குக் காசு கொடுத்திருப்பார். கசிந்த பீப்பாய் என்றால் இன்னும் மோசம்.

ஸ்காட்லாந்தின் ஈரக் கிடங்குகளில் தண்ணீரைவிட ஆல்கஹால் வேகமாகப் போவதால் செறிவும் இறங்கிக்கொண்டே வரும். 40 சதவீதத்துக்குக் கீழே போனதை ஸ்காட்ச் என்று விற்கச் சட்டம் விடாது. எத்தனை வருடம் காத்திருந்தும் பயனில்லை.

விற்பவரின் தாளில் ஓ.எல்.ஏ. (நிரப்பியபோது இருந்த ஆல்கஹால்) மட்டும் இருந்தால் பேச்சை நிறுத்துங்கள். புதிதாக ரீகேஜ் (பீப்பாயில் இருப்பதை மீண்டும் அளப்பது) செய்யச் சொல்லி மொத்த லிட்டர், செறிவு, ஆர்.எல்.ஏ. (இப்போது மிஞ்சிய ஆல்கஹால்) மூன்றையும் வாங்குங்கள். சாம்பிளும் கேளுங்கள். செறிவு 45ஐ நெருங்கினால் அடிக்கடி அளந்து, பாட்டிலில் அடைக்கும் நாளைக் குறித்துவிடுங்கள்.

அலங்காரச் சான்றிதழை நம்புவது

அது உரிமைப் பத்திரமல்ல. விற்பவர் கையெழுத்திட்ட டெலிவரி ஆர்டர் (பீப்பாயை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லும் தாள்) கிடங்குக்குப் போக வேண்டும். பீப்பாய் எண்ணைக் குறிப்பிட்டு, உங்கள் பெயருக்கு மாற்றியதாகக் கிடங்குக்காரர் எழுத்தில் உறுதி தர வேண்டும்.

பீப்பாயோடு ஊருக்குக் கொண்டுவரலாம் என்று நினைப்பது

முடியாது. மரப் பீப்பாயில் ஸ்காட்ச் ஸ்காட்லாந்தை விட்டு வெளியேறக்கூடாது. சிங்கிள் மால்ட் (ஒரே டிஸ்டிலரியில் மால்ட் பார்லியில் மட்டும் செய்தது) என்றால் 2012 நவம்பர் 23 முதல் அங்கேயே பாட்டிலில் அடைத்து லேபிள் ஒட்டித்தான் ஏற்றுமதியாக வேண்டும். மற்ற ஸ்காட்ச் வகைகள் டேங்கரில் மொத்தமாகப் போகலாம்.

பிளெண்டட் மால்ட்டைப் பிளெண்டட் ஸ்காட்ச் என்று எண்ணுவது

பிளெண்டட் மால்ட்டில் கிரெய்ன் விஸ்கி (பெரும்பாலும் கோதுமை, சோளம் போன்ற தானியங்களில் செய்வது) ஒரு சொட்டும் கிடையாது; பிளெண்டட் ஸ்காட்சில் உண்டு.

பாட்டிலிலும் வயது ஏறும் என்று நம்புவது

ஏறாது.