சரளை மண்ணில் நீர்மட்டத்துக்குக் கீழே ஆழமாகத் தோண்டத் திட்டமிடுவது எப்படி?

மியூனிக் நகரம் நிற்பது, பனியாறுகளின் உருகுநீர் ஆல்ப்ஸ் மலையிலிருந்து அடித்துவந்து பரப்பிய சரளையின் மேல். சரளைக்குக் கீழே களிமண்ணும் மணலும் மாறிமாறிப் படிந்திருக்கின்றன. சரளையின் இடுக்குகளில் நிறைந்த நீர் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓயாமல் நகர்கிறது. இந்த ஊரில் கட்டடங்களுக்கான ஆழப் பள்ளங்களை வடிவமைப்பது என் தொழில். புதிதாகச் சேரும் பொறியாளர்கள் பள்ளத்தைச் சுற்றி எழுப்பும் சுவரின் தடிமனைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். நான் அவர்களிடம் கேட்பது இதை: பள்ளத்தின் அடியை எது அடைக்கப்போகிறது? இதற்கு விடை தெரியும்வரை சுவரை வரையாதீர்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். பள்ளம் 60 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம். நீர்மட்டம் தரைக்கு 2 மீட்டர் கீழே. சரளை 15 மீட்டர் வரை, அதன்பின் களிமண். சரளையின் ஊடுருவு திறன், அதாவது நீரை அது எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்பதன் அளவு, நொடிக்கு 5 மில்லிமீட்டர். இங்கே அது அசாதாரணமான மதிப்பே அல்ல. நீரை அடைக்காமல் பம்புகளை மட்டுமே நம்பி, பள்ளத்தின் அடிக்கு அரை மீட்டர் கீழே நீரை இறக்க வேண்டுமானால், கிணற்றுச் சூத்திரம் தரும் விடை நொடிக்கு ஏறத்தாழ 580 லிட்டர். ஒரு நாளைக்கு 50,000 கன மீட்டர்! இறைப்பின் தாக்கம் எவ்வளவு தூரம் எட்டும் என்று மதிப்பிடும் ஸிகார்ட் சூத்திரப்படி இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலும் கிணறுகளில் மட்டம் இறங்கும். எந்த நீர் அதிகாரியும் இதற்குக் கையெழுத்திட மாட்டார், இடவும் கூடாது.

அதே பள்ளத்தைச் சுற்றிக் களிமண்ணில் பதியும் சுவர் எழுப்புங்கள். நனையும் பரப்பில் ஒவ்வொரு 1,000 சதுர மீட்டருக்கும் நொடிக்கு 1.5 லிட்டர் கசிவு என்பது ஜெர்மனியில் பரவலாக வைக்கப்படும் வரம்பு. சுவரும் அடியுமாக இங்கே 5,000 சதுர மீட்டர். ஆக, ஏழரை லிட்டர். 580 எங்கே, ஏழரை எங்கே! இந்த வித்தியாசம் முழுவதையும் தருவது கீழே இருக்கும் களிமண்தான்.

ஆகவே மண் ஆய்வில் சிக்கனம் பார்க்காதீர்கள். துளையிடும்போது நுண்மணல் கழுவப்பட்டுப் போய்விடும். அந்த மாதிரியைச் சல்லடையில் போட்டு ஊடுருவு திறனைக் கணித்தால் உண்மையைவிட அதிகமாக வரும். கூம்பை அடித்து இறக்கும் சோதனையில் ஒரு பெரிய கல் குறுக்கிட்டாலே மண் இறுகியிருப்பதாகத் தோன்றும். நம்பத் தகுந்தது பம்ப் சோதனை: ஒரு கிணற்றில் நாள்கணக்கில் இறைத்து, சுற்றியுள்ள துளைகளில் மட்டம் எப்படி இறங்குகிறது என்று அளப்பது. களிமண்ணின் மேல்மட்டத்தையும் தடிமனையும் கண்டறியச் சுவர் செல்லும் கோடு நெடுகிலும் துளைகள் வேண்டும், நான்கு மூலைகளில் மட்டும் போதாது. 1994 செப்டம்பர் 20 அன்று, இதே ஊரின் ட்ரூடரிங் பகுதியில், மெட்ரோ சுரங்கத்தின் கூரையை உடைத்துக்கொண்டு நீரும் சரளையும் உள்ளே பாய்ந்தன. மேலே சாலை இடிந்து, ஒரு பேருந்து பள்ளத்துக்குள் சரிந்தது. மூன்று பேர் இறந்தார்கள். இரண்டு துளைகளுக்கு நடுவே களிமண் தொடர்கிறது என்று எவராவது ஊகமாகச் சொல்லும்போதெல்லாம் இறந்த அந்த மூவரை நினைத்துக்கொள்கிறேன்.

சுவர் வகையைத் தேர்வது இதற்குப் பிறகு அவ்வளவு கடினமல்ல. ஷீட் பைல், அதாவது ஒன்றோடொன்று பூட்டி மண்ணில் இறக்கும் எஃகுத் தகடுகள், மலிவு. ஆனால் சரளை இயற்கையாகவே கெட்டிப்பட்டுப் பாறைபோல் ஆன அடுக்குகள் இங்கே உண்டு, அங்கே அது இறங்காது, அல்லது பூட்டு விலகிவிடும். ஒன்றையொன்று வெட்டி நிற்கும் பைல்களாலான (மண்ணுக்குள் வார்த்த கான்கிரீட் தூண்கள்) சுவர் பாதுகாப்பானது, செங்குத்து சிறிதும் பிசகாதவரை. டயாஃப்ரம் சுவருக்கு, அதாவது குழம்பால் தாங்கிய அகழியில் வார்க்கும் கான்கிரீட் சுவருக்குப் போனால், பெண்டோனைட் என்ற களிமண் குழம்பு பெரிய இடுக்குகளில் ஒரேயடியாக ஓடிவிடும் அபாயத்தைச் சமாளிக்கக் கூடுதல் குழம்பை முன்கூட்டியே இருப்பு வைத்திருங்கள். எந்த வகையானாலும், சுவர் களிமண்ணுக்குள் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நுழையட்டும்.

இனிதான் முக்கியமான சோதனை. அந்தக் களிமண் வெறும் 3 மீட்டர் தடிமன் என்றும், அதற்கும் கீழே அழுத்தத்தில் உள்ள நீரோடு மணல் இருக்கிறது என்றும் கொள்வோம். மணலில் வைத்த பீசோமீட்டரில் (நீரழுத்தம் அளக்கும் குழாய்) நீர் தரைக்கு 3 மீட்டர் கீழ்வரை ஏறி நிற்கிறது. களிமண்ணின் அடிப்பகுதி 18 மீட்டர் ஆழத்தில். அங்கே மேல்நோக்கிய அழுத்தம் 150 கிலோபாஸ்கல். அதை அமுக்கிப் பிடிக்க இருப்பது 3 மீட்டர் சரளையும் (63) 3 மீட்டர் களிமண்ணும் (60): மொத்தம் 123. மண் பொறியியலுக்கான ஐரோப்பிய விதித்தொகுப்பான யூரோகோட் 7 சொல்கிறபடி, பாதுகாப்புக்காக 0.9ஆல் பெருக்கினால் 111 மட்டுமே. சுவர் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அடி வெடித்து எழும். இதற்கு வழி, மணல் வரை இறங்கும் அழுத்தத் தணிப்புக் கிணறுகள். நீர் ஏறும் மட்டத்தை 3 மீட்டரிலிருந்து 7 மீட்டர் ஆழத்துக்கு இறக்கினால் கணக்கு நேராகும். மாற்று மின்சாரமும் மாற்று பம்பும் இல்லாமல் இந்தக் கிணறுகளை ஒரு நாளும் நம்பக் கூடாது.

களிமண் எட்டாத ஆழத்தில் இருந்தால் அடியை நாமே செய்ய வேண்டும். பெர்லினின் போட்ஸ்டாமர் பிளாட்ஸில் 1990களில் செய்தது போல, பள்ளத்துக்குள் நீரை நிறுத்தி, நீருக்கடியிலேயே தோண்டி, முங்குநீச்சல்காரர்களைக் கொண்டு கான்கிரீட் அடித்தளம் போடலாம். நம் கணக்கில் அது 1.2 மீட்டர் தடிமன் என்றால், கீழிருந்து 112 கிலோபாஸ்கல் உந்தும். கான்கிரீட்டின் எடை, அதே 0.9ஆல் பெருக்கியபின், அதில் 25ஐத்தான் சமன் செய்யும். மீதி 87ஐ, அடித்தளத்தை மேலெழாமல் இழுத்துப் பிடிக்கும் இழுவிசைப் பைல்கள் தாங்க வேண்டும்: 3 மீட்டர் இடைவெளியில் அமைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 785 கிலோநியூட்டன். பைல்கள் பற்றியிருக்கும் மண்கட்டி முழுவதுமாகத் தூக்கப்படாதா என்பதையும் தனியாகச் சரிபாருங்கள்.

களிமண்ணில் பதித்த பள்ளத்தில், தோண்டத் தொடங்கும் முன்பே உள்ளிருக்கும் நீரை இறைத்துக் கசிவை அளந்துவிடுங்கள். பள்ளத்தில் மண் நிறைந்திருக்கும் அந்த நேரத்தில் ஓட்டை தெரிந்தால் வெளியிலிருந்து அடைப்புக் கலவையை ஊசியேற்றி அடைத்துவிடலாம். 10 மீட்டர் ஆழம் போனபின் அதே ஓட்டை மணலை வாரிக்கொண்டு வரும். பக்கத்து வீட்டின் அஸ்திவாரம்தான் வெறுமையாகும். சுவரைப் பின்னாலுள்ள மண்ணோடு இழுத்துக் கட்டும் ஆங்கர்களின் துளைகளும் ஓட்டைகள்தான், நீர்மட்டத்துக்குக் கீழே துளையிட்டால் வாயில் அடைப்பான் கட்டாயம்.

பக்கத்து வீட்டாருக்கு இன்னொரு கடமையும் நமக்கு உண்டு. அடைத்த பள்ளம் நிலத்தடி ஓட்டத்துக்கு ஓர் அணை. மேற்புறத்தில் நீர் ஏறும், கீழ்ப்புறத்தில் இறங்கும். மியூனிக் மெட்ரோ நிலையங்களில் செய்வது போல, மேற்புற நீரைப் பிடித்துக் குழாயால் கட்டுமானத்தைக் கடத்திக் கீழ்ப்புறத்தில் விட ஏற்பாடு செய்யுங்கள். இரும்புச் சத்துள்ள நீரானால் அந்தக் குழாய்களும் கிணறுகளும் காவிப் படிவால் அடையும். சுத்தம் செய்ய ஆள் இறங்கும் வழியை வரைபடத்திலேயே காட்டிவிடுங்கள்.

நிரந்தரக் கட்டடத்துக்கு இந்த நகரத்தில் அளவுகோலாக எடுப்பது 1940இல் பதிவான உச்ச நீர்மட்டம். கட்டுமானக் காலத்துக்கு அதைவிடத் தாழ்ந்த மட்டத்தை வைக்கலாம், ஒரு நிபந்தனையோடு: நீர் அதை மீறினால் பள்ளத்துக்குள் தானே புகுந்து நிரம்ப, சுவரில் திறப்புகள் விட்டிருக்க வேண்டும். பள்ளம் மூழ்கினால் சில வாரங்கள் வீணாகும். அடி பெயர்ந்தால் எல்லாமே போகும். பம்புகளை எப்போது நிறுத்தலாம் என்பதையும் வடிவமைப்பாளரே எழுதிக் கொடுக்க வேண்டும், தளத்தில் இருப்பவர் முடிவுக்கு விடக் கூடாது. எத்தனையாவது மாடியின் தளம் போட்டபின் கட்டடத்தின் எடை நீரின் உந்தலை மிஞ்சுகிறது என்று கணக்கிட்டு, அந்த மாடியின் எண்ணை வரைபடத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.