அமெரிக்க ‘மகசின்’ சட்டச் செய்தியை வடிவாகத் தமிழில் எழுதுவது எப்படி

ஒரு துவக்கு மகசின் எத்தனை ரவை கொள்ளலாம் என்று அமெரிக்க மாநிலங்கள் எல்லை வைக்கும் சட்டங்களைப் பற்றித்தான் சொல்கிறேன். முதலில் சொல்லைச் சரியாகப் பிடியுங்கள். யாழ்ப்பாணத்தில் நான் வேலை செய்த ஒரு செய்திப் பிரிவில், புதிதாக வந்த தம்பி ஒருவன் “பெரிய சஞ்சிகைகளுக்குத் தடை” என்று தலைப்புப் போட்டுக் கொண்டுவந்து தந்தான். அவனில் பிழை சொல்ல மாட்டேன். 2009க்குப் பிறகு வளர்ந்த பிள்ளை. எங்கள் வயதுக்காரருக்கு மகசின் என்றால் துவக்கில் செருகும் ரவைக்கூடு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழும்பு மகசின் சிறைச்சாலையின் பெயரில் இருப்பதும் இதே சொல்தான். களஞ்சியம் என்ற பொருளுள்ள அரபுச் சொல்லில் இருந்து வந்தது. ஆகவே மகசின் என்றோ ரவைக்கூடு என்றோ எழுதுங்கள், இரண்டும் இங்கே விளங்கும்.

இன்னொரு சொல்லும் இருக்கிறது, இது அதைவிட ஆபத்தானது. துவக்கு வைத்திருக்கும் அமெரிக்கரை ‘ஆயுததாரிகள்’ என்று எழுதாதீர்கள். எங்கள் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டதும் மனதில் வருகிற ஆள் வேறு. ‘துவக்கு வைத்திருப்போர்’ என்று நேராக எழுதுங்கள், போதும்.

அப்புறம் எந்த மாநிலம், எத்தனை ரவை என்பதை முதல் பந்தியிலேயே சொல்லுங்கள். “அமெரிக்காவில் தடை” என்று எழுதினால் அது செய்தியே இல்லை. 1994 முதல் 2004 வரை 10 ரவைக்கு மேற்பட்ட புதிய மகசின்களுக்கு நாடு முழுவதும் தடை இருந்தது, அது காலாவதியானபின் மாநிலத்துக்கு மாநிலம் கதை வேறு. 2013இல் கொலராடோ 15 என்று வைத்தது, கனெக்டிகட் 10 என்று வைத்தது. நியூஜேர்சியில் முன்பு 15 ஆக இருந்தது 2018இல் 10 ஆனது. டெக்சாசில் இருக்கும் உங்கள் மச்சானுக்கு இவை எதுவும் பொருந்தாது.

இனி எண்ணைவிட முக்கியமான இடம்: சட்டத்தின் வினைச்சொல். விற்கக் கூடாதா, வைத்திருக்கவே கூடாதா, நிரப்பக் கூடாதா? துவக்கு வைத்திருப்போரின் கோபம் எங்கே இருந்து வருகிறது என்பது இதைப் பார்த்தால்தான் விளங்கும், இதை விட்டுவிட்டு எத்தனை பந்தி எழுதினாலும் வாசிப்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. நியூயோர்க்கை எடுங்கள். 2012 டிசெம்பரில் கனெக்டிகட்டில் சாண்டி ஹூக் பாடசாலையில் 20 பிள்ளைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டு ஒரு மாதத்தில், 2013 ஜனவரி 15 அன்று, ஆளுநர் அன்ட்ரூ குவோமோ புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். 10 ஆக இருந்த எல்லை 7 ஆனது. பல கைத்துப்பாக்கிகளுக்கு 7 ரவை மகசின் சந்தையிலேயே இல்லை. எனவே சில வாரங்களில் சட்டத்தைத் திருத்தி, 10 ரவை கொள்ளும் மகசினை வைத்திருக்கலாம், ஆனால் 7 மட்டும்தான் நிரப்பலாம் என்றார்கள். அதே மகசின், அதே துவக்கு, எட்டாவது ரவையைப் போட்டால் குற்றவாளி! இது ஏற்கனவே கொதித்துப் போயிருந்தவர்களை இன்னும் கிளறிவிட்டது. பொலிஸாருக்கான விலக்கையும் முதலில் எழுத மறந்திருந்தார்கள், அதையும் பிறகுதான் சேர்த்தார்கள். அந்த வருடம் முடியும் நாளில் சமஷ்டி நீதிபதி ஒருவர் இந்த 7 ரவை விதியை மட்டும் நீக்கி, 10 என்ற எல்லையை அப்படியே விட்டார். 2015இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அவசரமாக எழுதிய சட்டம் நல்ல நோக்கத்தையும் கெடுத்துவிடும் என்பது என் எண்ணம். ஆனால் அதைச் செய்திக்குள் நான் எழுத மாட்டேன், நீங்களும் எழுதாதீர்கள்.

முன்பே வாங்கியவர்களுக்கு விலக்கு உண்டா என்றும் பாருங்கள். இதற்கு ஆங்கிலத்தில் தாத்தாவை வைத்து ஒரு சொல் இருக்கிறது, அதைத் தமிழில் ‘தாத்தா விதி’ என்று போட்டால் யாருக்கும் விளங்காது. ‘முன்பே வைத்திருப்போருக்கு விலக்கு’ என்று எழுதுங்கள். கொலராடோவில் அந்த விலக்கு இருந்தது. கனெக்டிகட்டில் வைத்திருப்பவர்கள் 2014 ஜனவரி 1க்குள் பதிய வேண்டும் என்றதும், டிசெம்பர் குளிரில் மாநிலப் பொலிஸ் அலுவலகத்தின் முன் வரிசை நீண்டது.

அந்த வரிசையும் ஒரு எதிர்வினைதான். “துவக்கு வைத்திருப்போர் எதிர்ப்பு” என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொண்டார்கள். கொலராடோவில் 50க்கும் மேற்பட்ட மாவட்டப் பொலிஸ் தலைவர்கள் வழக்குப் போட்டார்கள். சட்டத்தை ஆதரித்த இரண்டு செனட்டர்களை, ஒருவர் மாநில செனட்டின் தலைவர் ஜோன் மோர்ஸ், 2013 செப்டெம்பரில் வாக்காளர்கள் பதவியில் இருந்து திருப்பி அழைத்தார்கள். மகசின் செய்யும் மக்புல் கம்பனி வயோமிங்குக்கும் டெக்சாசுக்கும் இடம்பெயர்ந்தது. கலிபோர்னியாவில் 2019 மார்ச் 29 அன்று ஒரு நீதிபதி அந்த மாநிலத்தின் மகசின் தடையைச் செல்லாது என்று சொல்ல, ஏப்ரல் 5இல் அந்தத் தீர்ப்பு நிறுத்தி வைக்கப்படும் வரை ஒரு கிழமை சனம் அள்ளி வாங்கியது.

மறுபக்கத்திலும் துவக்கு வைத்திருப்போர் இருக்கிறார்கள். 2011 ஜனவரியில் அரிசோனாவின் டூசனில் காங்கிரஸ் உறுப்பினர் கப்ரியல் கிஃபோர்ட்ஸைச் சுட்டவன் வைத்திருந்தது 33 ரவை மகசின். அதை மாற்ற முயன்றபோதுதான் அவனை மடக்கினார்கள். அவருடைய கணவர் மார்க் கெலி, தானும் துவக்கு வைத்திருப்பவர், 2013 ஜனவரி 30 அன்று செனட் குழுவின் முன் சாட்சி சொல்லும்போது ஒன்பது வயதுப் பிள்ளையைக் கொன்றது பதின்மூன்றாவது ரவை என்றார். 10 ரவையோடு நின்றிருந்தால் என்பதுதான் அவருடைய கேள்வி. இதைப் படித்த நாளில் எனக்கு அன்றைய வேலை ஓடவில்லை.

எதிர்ப்பவர்களின் வாதத்தை எழுதும்போது கை நடுங்கக் கூடாது. கிராமத்தில் பொலிஸ் வரப் பிந்தும், வீட்டுக்குள் வருபவன் ஒருவனாக இருக்க மாட்டான், களவெடுப்பவன் மகசினை ஒப்படைக்கப் போவதில்லை, சட்டப்படி வாங்கிய பொருள் ஒரு காலையில் குற்றமாகிறது என்கிறார்கள். நாங்கள் சூட்டுச் சத்தத்தில் வளர்ந்தவர்கள், துவக்கு என்றாலே எங்களுக்கு உடல் சிலிர்க்கும், அதனால் இந்த வாதத்தைச் சுருக்கி எழுத மனம் தூண்டும். சுருக்காதீர்கள். இங்கே 1916ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், வன்னியில் பன்றிக்குக் காவல் இருக்கும் கமக்காரனுக்கும் துவக்கு அரசாங்கம் தரும் அனுமதி. அங்கே அது 1791 முதல் அரசியலமைப்பில் எழுதிய உரிமை. அவர்கள் ‘உரிமை’ என்று சொல்லும் இடத்தில் நீங்கள் ‘அனுமதி’ என்று போட்டால் முழுக் கட்டுரையும் பிழைத்துப் போகும்.

கடைசியில் வழக்கு எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். நீதிமன்றம் சட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் இடைக்காலத் தடை உத்தரவை, சட்டம் ‘ரத்து’ என்று எழுதாதீர்கள். கலிபோர்னியாவின் தடை எத்தனையோ தரம் விழுந்து எழும்பி, 2025 மார்ச்சில் ஒன்பதாவது வட்டார சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் செல்லும் என்று வந்தது. அதனால் எந்தத் தீர்ப்பை எழுதினாலும் திகதியோடு எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் வீட்டில் வயதான ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். “அப்ப வைச்சிருந்தால் பிடிப்பாங்களோ?” என்று அவர் கேட்டால், வினைச்சொல்லை நீங்கள் இன்னும் எழுதவில்லை.