கேஎல்சிசியில் குடும்பத்தோடு ஒரு நாள்: திட்டமிடும் முறை

கோலாலம்பூரின் நடுவே இரட்டைக் கோபுரங்களைச் சுற்றி அமைந்துள்ள கேஎல்சிசி வளாகத்திற்குக் குடும்பத்தோடு செல்ல விரும்புவோர், எவற்றை இந்த முறை பார்க்காமல் விடப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒரு காலத்தில் சிலாங்கூர் குதிரைப் பந்தயத் திடலாக இருந்த இந்த நிலத்தில் இன்று கோபுரத்தின் பார்வைத் தளம், சூரியா கேஎல்சிசி பேரங்காடி, அதன் நான்காம் தளத்தில் பெட்ரோசயின்ஸ் அறிவியல் கூடம், மாநாட்டு மையத்தில் அக்குவாரியா மீன் காட்சியகம், திரையரங்கு, 50 ஏக்கர் பூங்கா ஆகியவை அனைத்தும் நடந்தே சென்றடையும் தொலைவில் இருக்கின்றன. இவ்வளவு அருகருகே இருப்பதால் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் சிறு பிள்ளைகளோ முதியவர்களோ உடன் வந்தால் அது நடக்காது. கட்டணம் செலுத்தி நுழையும் இடங்களில் ஒன்றை மட்டும் ஒரு நாளுக்கு வைத்துக்கொண்டு, மீதி நேரத்தைப் பூங்காவுக்குக் கொடுப்பதே சரி என்பது, பிள்ளைகளையும் மாமியாரையும் பலமுறை அழைத்துச் சென்றபின் நான் வந்தடைந்த முடிவு.

அந்த ஒன்று எது என்பதை வருபவர்களின் வயதைக் கொண்டு தீர்மானிக்கலாம். பள்ளிக்குச் செல்லாத குழந்தைகளும் அதிகம் நடக்க இயலாத பெரியவர்களும் இருக்கும் குடும்பத்திற்கு அக்குவாரியாவே பொருத்தமானது. அங்குள்ள 90 மீட்டர் நீளமான சுரங்கப் பாதையில் நகரும் நடைமேடை இருப்பதால், பாட்டி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றபடியே தலைக்கு மேல் நீந்தும் சுறாக்களையும் திருக்கைகளையும் பேரனுக்குக் காட்டிக்கொண்டு போகலாம். தொடக்கப்பள்ளியின் மேல் வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பெட்ரோசயின்ஸ் ஏற்றது. 1999-இல் தொடங்கப்பட்ட இந்தக் கூடத்தில் பெரும்பாலானவற்றை அவர்களே தொட்டும் திருப்பியும் இயக்கியும் பார்க்க முடியும் என்பதால், இரண்டு மூன்று மணி நேரமாவது ஒதுக்காமல் உள்ளே போவது பணத்தை வீணாக்குவதாகும். மூடும் நேரத்திற்கு வெகு முன்பே நுழைவை நிறுத்திவிடுவார்கள். ஆகவே மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

கோபுரத்தைப் பொறுத்தவரை, ஊரிலிருந்து உறவினர் வந்திருக்கும்போதும் பிள்ளைகள் ஓரளவு வளர்ந்த பின்பும் ஏறுவதே நல்லது. 88 மாடிகளும் ஏறத்தாழ 452 மீட்டர் உயரமும் கொண்ட கோபுரங்களில், பார்வையாளர்களை முதலில் 41-ஆம் மாடியிலுள்ள வான்பாலத்திற்கும், பிறகு 86-ஆம் மாடிக்கும் குழு குழுவாக அழைத்துச் செல்கிறார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் நேரம் குறிக்கப்பட்டிருப்பதால் அவரவர் விருப்பம்போல் நின்று பார்க்க இயலாது. மூன்று வயதுக் குழந்தைக்கு இது வரிசையும் காத்திருப்புமாகவே முடியும். நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். பள்ளி விடுமுறையின்போது அன்று காலை முகப்பில் போய் நின்றால் விரும்பிய நேரம் கிடைப்பது அரிது. மலேசியர்களுக்குக் கட்டணம் குறைவு. அதற்குச் சான்று காட்ட வேண்டியிருக்கும் என்பதால் பெரியவர்களின் மைகார்டு அடையாள அட்டையோடு பிள்ளைகளின் மைகிட் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். வீட்டு மேசையில் மறந்து வைத்த ஓர் அட்டைக்காக ஒரு குடும்பம் கூடுதல் கட்டணம் செலுத்தியதை நேரில் பார்த்திருக்கிறேன்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். கோபுரத்தின் பார்வைத் தளம் திங்கட்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும். பெட்ரோசயின்ஸும் பொதுவாக அன்று இயங்குவதில்லை. பொது விடுமுறையோடு ஒட்டிவரும் திங்களாக இருந்தால் புறப்படும் முன் அவர்களின் இணையத்தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

காரில் போவதா ரயிலில் போவதா என்ற பேச்சு எங்கள் வீட்டிலும் ஒவ்வொரு முறையும் எழும். குடும்பத்தில் ஒருவருக்குச் சக்கர நாற்காலி தேவைப்பட்டால் ஒழிய, நான் ரயிலையே சொல்வேன். கிள்ளானிலிருந்து வருவோர் கொமூட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து, அங்கேயே கிளானா ஜெயா எல்ஆர்டி ரயிலுக்கு மாறினால் ஐந்தாவது நிறுத்தம் கேஎல்சிசி. நிலத்தடி நிலையத்திலிருந்து வெயிலில் கால் வைக்காமலேயே பேரங்காடிக்குள் நுழைந்துவிடலாம். நாள் முழுதும் ஏறும் வாகன நிறுத்தக் கட்டணமும், மாலையில் வெளியேறும் வழியில் நிற்கும் நீண்ட வரிசையும் இதனால் மிச்சம்.

பகலின் ஒழுங்கை வானிலையே வகுத்துத் தருகிறது. கோலாலம்பூரில் இடியோடு கூடிய மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் அது இன்னும் வலுக்கும். எனவே பூங்காவைக் காலையிலேயே முடித்துக்கொண்டு, நண்பகல் முதல் மாலை வரை கூரையின் கீழ் இருக்குமாறு திட்டமிடுங்கள். பிரேசில் நாட்டு நிலவடிவமைப்பாளர் ரொபெர்ட்டோ பர்லே மார்க்ஸ் வடிவமைத்த அந்தப் பூங்காவில் பிள்ளைகளுக்கென விளையாட்டுத் திடலும், கணுக்கால் முதல் முழங்கால் வரை நீர் நிற்கும் குளமும் உள்ளன. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. என் பிள்ளைகள் இன்றும் முதலில் நினைவுகூர்வது அந்தக் குளத்தைத்தான். ஆளுக்கு ஒரு மாற்றுடையும் ஒரு துண்டும் கட்டாயம் வேண்டும், ஏனெனில் ஈர உடையோடு பேரங்காடியின் குளிரூட்டலுக்குள் நுழையும் குழந்தை குளிரில் நடுங்கிவிடும். அக்குவாரியாவைத் தேர்ந்தெடுத்திருந்தால், பேரங்காடியிலிருந்து மாநாட்டு மையத்திற்குச் செல்லும் நிலத்தடி நடைபாதை வழியாக மழை பெய்தாலும் நனையாமல் போய்ச் சேரலாம்.

மதிய உணவுக்குப் பேரங்காடியிலுள்ள உணவங்காடிகளே போதும், ஆனால் விடுமுறை நாளில் ஒரு மணிக்கு மேசை கிடைப்பது கடினம் என்பதால் பதினொன்றரை மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். வெள்ளிக்கிழமையோ விரத நாளோ ஆனால், காய்கறி உணவு என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், அதில் இறால் விழுதான பெலாச்சானோ நெத்திலியோ கோழிச் சாறோ சேர்ந்திருக்கிறதா என்று கேட்டபின் வாங்குங்கள். பெரும்பாலும் எதையும் மறைக்காமல் சொல்வார்கள். கேட்காமல் விடுவதுதான் தவறு.

உள்ளே நுழைந்ததும், யாராவது பிரிந்துவிட்டால் எங்கே வந்து நிற்பது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும். தரைத்தளத்தின் நடுவிலுள்ள தகவல் முகப்பு அதற்கு ஏற்ற இடம். ஒரே மாதிரி வளைந்து செல்லும் தளங்களில் கடையின் பெயரை அடையாளம் சொன்னால் பெரியவர்களே குழம்புவார்கள். கைப்பேசி எண்ணை ஒரு தாளில் எழுதிச் சிறு பிள்ளையின் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள். பாட்டியின் கைப்பையிலும் ஒன்று இருக்கட்டும்.

இரவு 8 மணிக்குப் பூங்கா ஏரியில் இசைக்கும் ஒளிக்கும் ஏற்ப நீரூற்றுகள் ஆடும் காட்சி தொடங்கும். முன்வரிசைக்காக நெருக்குவதைவிட, சற்றுத் தள்ளிப் பாலத்தின் பக்கம் நின்றால் ஊற்றுகளும் ஒளியூட்டப்பட்ட கோபுரங்களும் ஒரே பார்வையில் அடங்கும். அடுத்த காட்சிக்கும் நிற்பதா என்பதைக் கொமூட்டர் கால அட்டவணையைப் பார்த்த பின்பே முடிவு செய்யுங்கள். இரவில் ரயில்களுக்கிடையே இடைவெளி நீளும். உறங்கிவிட்ட குழந்தையைத் தோளில் சுமந்தபடி நடைமேடையில் காத்திருப்பது எளிதன்று. முதல் காட்சியோடு புறப்பட்டால் ஒன்பது மணிக்குள் கேஎல் சென்ட்ரல் வந்துவிடலாம், அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ் நடைதூரம்தான் என்பதால், சூடான தோசையும் தே தாரிக்கும் முடித்துக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடிக்க நேரம் இருக்கும்.